வெனிஸுக்குப் போகும்போது வாடகைக் கார் எடுக்கலாமா?

கேள்வி: சேலத்திலிருந்து நாலு பேர் இத்தாலி போகிறோம். வெனிஸில் இறங்கியதுமே கார் எடுத்துவிடலாமா? அடுத்து புளோரன்ஸ் போகிறோம்.

எடுக்காதீர்கள், காசுக்குக் கேடு. வெனிஸுக்கு வரும் சாலைப் பாலம் நகரின் விளிம்பில் உள்ள பியாட்சாலே ரோமா சதுக்கத்தில் முடிந்துவிடும். அதைத் தாண்டி ஸ்கூட்டர்கூடப் போகாது, படகும் நடையும்தான். காரை அங்கே நிறுத்திவைத்தால் வாடகையோடு பார்க்கிங் கட்டணமும் ஏறும். ஊரைப் பார்த்து முடித்து, கிளம்புகிற அன்று அதே இடத்தில் உள்ள வாடகை அலுவலகத்தில் வண்டியை எடுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்.டி.ஓ.வில் வாங்க வேண்டும்: படிவம் 4ஏ, லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல்கள், 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸும் கையில் இருக்கட்டும். கார் வாடகை அலுவலகத்தில் முன்பணத்துக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை அசால்ட்டாக ஏறுகிறவருக்கும் அங்கே முதல் ஒரு மணி நேரம் தடுமாற்றம்தான். வண்டி வலப்பக்கம் ஓடும், கியர் வலக்கையில். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள்.

உண்மையான வம்பு புளோரன்ஸில். பழைய நகருக்குள் அனுமதியில்லாத கார் நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். நுழைவில் ‘வார்கோ ஆத்திவோ’ என்று பலகை எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது என்று பொருள்; வழி திறந்திருப்பதாக நினைத்துப் பலர் உள்ளே போய்விடுகிறார்கள். அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனியாகவும் பிடிக்கும். ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால் கார் எண்ணை முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.

பங்க்கில் ‘கசோலியோ’ என்றால் டீசல். பெட்ரோலுக்கு ‘பென்சினா’.