வாசகர் கேள்வி-பதில்: வருகைக்காலம் முதல் புத்தாண்டு வரை

கேள்வி: கிறிஸ்மஸுக்கு முந்தைய வருகைக்காலமான அட்வென்ட் ஒரு வருடம் நவம்பரில் தொடங்குகிறது, இன்னொரு வருடம் டிசம்பரில் தொடங்குகிறது. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: டிசம்பர் 25-இலிருந்து பின்னோக்கி நான்கு ஞாயிறுகளை எண்ணுங்கள். நான்காவதாக வந்து நிற்பதுதான் வருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. 25-ஆம் தேதியே ஞாயிறாக இருந்தால் அதை எண்ணக் கூடாது. பலர் தவறுவது அங்கேதான். இந்தக் கணக்கில் தொடக்கம் நவம்பர் 27-க்கு முன்னே போகாது, டிசம்பர் 3-ஐத் தாண்டவும் செய்யாது. 2026-இல் நவம்பர் 29. கிறிஸ்மஸ் திங்கட்கிழமை வந்தால், 2023-இல் வந்ததுபோல, நான்காம் ஞாயிறும் 24-ஆம் தேதியும் ஒன்றாகிவிடும். காலையில் வருகைக்கால ஆராதனை, இரவில் பிறப்பு ஆராதனை என்று பாடகர் குழு திண்டாடும். டிசம்பர் 1 முதல் 24 வரை ஜன்னல் வைத்த அட்டைக் காலண்டர் கடைகளின் வசதிக்கானது. திருச்சபை நாட்காட்டியோடு அது எப்போதாவதுதான் ஒத்துப்போகும்.

கேள்வி: வீட்டில் அட்வென்ட் வளையம் (வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகள் வைத்த இலை வளையம்) வைத்தோம். இரண்டாம் வாரமே மெழுகுவர்த்திகள் சாய்ந்து உருகிவிட்டன. எந்த நிறம் சரி என்பதிலும் குழப்பம்.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். 1839-இல் அவர் ஒரு சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்தார். ஊதா அதில் இல்லை. இன்று பரவலாக உள்ள முறையில் மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஸ், விரும்பினால் நடுவில் கிறிஸ்மஸுக்கு ஒரு வெள்ளை. நான்கும் வெள்ளையாக வைத்தாலும் குறையில்லை.

இனி உருகுவது. முதல் வாரத்து மெழுகுவர்த்திதான் எல்லா வாரமும் எரிகிறது என்பதை மறந்து நான்கையும் ஒரே அளவில் வாங்கிவிடுகிறோம். தினம் இரவு ஜெபத்தில் 15 நிமிடம் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2026-இல் முதலாவது 26 இரவுகள் எரியும், அதாவது ஆறரை மணி நேரம். இரண்டாவது 19 இரவுகள், மூன்றாவது 12, நான்காவது 5 இரவுகள்தான். மெல்லிய பாக்கெட் மெழுகுவர்த்தி இதற்குத் தாங்காது. அதற்காகக் கை பருமனில் வாங்கினாலும் சிக்கல்: 15 நிமிடமே எரித்தால் திரியைச் சுற்றிக் குழி விழும், உருகிய மெழுகில் திரி மூழ்கி மறுநாள் பற்றாது. ஓர் அங்குலப் பருமன், எட்டு அங்குல உயரம் நடுவாந்தரமானது. முதலாவதற்கு மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் மின்விசிறி. சுடர் ஒரு பக்கம் படுத்தால் அந்தப் பக்க மெழுகு மட்டும் வழிந்து, மெழுகுவர்த்தி நோஞ்சானாகி வளையும். ஏற்றும்போது விசிறியை நிறுத்துங்கள். தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடானால் பகலில் எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திரியைக் கால் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

வளையத்துக்குக் கம்பி, தெர்மக்கோல் எதுவும் வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஈர மணல் பரப்பி மெழுகுவர்த்திகளை ஊன்றுங்கள். சுற்றிலும் பச்சைக் குரோட்டன்ஸ் இலைகளை வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். சவுக்குத் தழை அழகுதான், ஆனால் நாலைந்து நாளில் காய்ந்து ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். வாசிக்க வாரத்துக்கு ஒரு பகுதி போதும்: ஏசாயா 9:2-7, மீகா 5:2-5, ஏசாயா 40:1-11, லூக்கா 1:26-38. ஒரே பகுதியை ஏழு நாளும் வாசித்தால் சிறு பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: ஆகஸ்டில் என் கணவர் இறந்தார். இந்த வருடம் ஸ்டார் கட்டக் கூடாது, கேரல் வரக் கூடாது என்கிறார்கள் உறவினர்கள். வேதத்தில் அப்படி இருக்கிறதா?
– வாசகி, நாசரேத்

பதில்: இல்லை. அது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தில் ஓர் இரக்கமும் உண்டு: துக்க வீட்டார் பலகாரம் சுட வேண்டாம், விருந்தாளிகளைச் சிரித்து வரவேற்க வேண்டாம். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆராதனையிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் உங்களை ஒதுக்குகிற பகுதியை ஏற்க வேண்டியதில்லை. முடிவு உங்களுடையது, உறவினர்களுடையது அல்ல.

கிறிஸ்மஸுக்கு மறுநாள், 26-ஆம் தேதி, கல்லெறியப்பட்டு இறந்த ஸ்தேவானின் நாள். 28-ஆம் தேதி ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடையாதிருந்தாள் என்ற வசனத்தை மத்தேயு பிறப்பு வரலாற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறார் (2:18). பண்டிகைக்குள் அழுகைக்கு இடம் உண்டு.

கேரல் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: டிரம்ஸ் இல்லாமல் ஒரு மெதுவான பாட்டு, ஒரு ஜெபம். அதிகாலை ஆராதனைக் கூட்டம் தாங்க முடியாது என்றால் அடுத்த ஆராதனைக்குப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு ஸ்டாரைப் பற்றி முடிவு செய்யுங்கள். அப்பாவும் இல்லை, ஸ்டாரும் இல்லை என்பது ஒரு குழந்தைக்கு இரட்டை அடி.

கேள்வி: குடிலில், குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளை எப்போது வைப்பது? மூன்று பேர்தானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூன்றானார்கள். அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு (2:11), பிறந்த இரவில் தொழுவத்துக்கு அல்ல. ஆகவே பாலனை 24 இரவு ஆராதனைக்குப் பிறகு வையுங்கள். ஞானிகளை அறையின் மறு மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அவர்கள் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6-ஆம் தேதி சேருங்கள். சீரியல் பல்பு ஒயர் வைக்கோலில் படாமல் இருக்கட்டும்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் சீட்டுபோல நான் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எரேமியா 29:11 (கடவுள் நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் வசனம்) வந்தது. இரண்டு வருடம் ஆகிறது, ஒன்றும் நடக்கவில்லை. அட்டை எடுப்பதே தவறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தைப் படித்தீர்களா? 70 வருடம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் 11-ஆம் வசனத்துக்கு வருகிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று முழங்குகிறான். அவனைத்தான் எரேமியா பொய் சொன்னவன் என்கிறார். நீங்கள் வைத்திருப்பது எரேமியாவின் அட்டை, எதிர்பார்ப்பது அனனியாவின் கெடு.

சீட்டெடுத்து வசனம் பெறுவது பழைய வழக்கம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1728-இல் தினம் ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைத்தான் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றைய வசனம் எல்லாருக்கும் ஒன்றே. நம் அட்டையோ ஆளுக்கொன்று, வருடம் முழுவதற்கும். அதனால்தான் ராசிபலன் வாடை சுலபமாக ஏறிவிடுகிறது.

அட்டை எடுத்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார் யாருக்குச் சொன்னது, அவர்களிடம் என்ன கேட்கிறது என்று அட்டையின் பின்புறம் எழுதுங்கள். அட்டை அச்சடிக்கும் சபைகளுக்கும் ஒரு வார்த்தை: உபாகமம் 28:13-இல் ‘வாலாக்காமல் தலையாக்குவார்’ என்பதை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில் இருக்கிறது. நியாயம் செய்யச் சொல்லும் மீகா 6:8, நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கும் சங்கீதம் 90:12 போன்றவற்றையும் அட்டைக் கட்டுக்குள் கலந்து வையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியும் வேதத்தை ஒரு வருடத்தில் முடிக்கத் தீர்மானிக்கிறேன். பிப்ரவரிக்குள் நின்றுவிடுகிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். தினம் 3, ஞாயிறு 5 என்றால் வருடத்தில் முடியும். ஆனால் ஆதியாகமத்துக்கு 50, யாத்திராகமத்துக்கு 40 என்று வரிசையாகப் போனால் நான்காம் வாரக் கடைசியில் லேவியராகமத்தில் நிற்பீர்கள். முன் பயிற்சி இல்லாதவர்கள் பலி முறைகளிலும் ஆசரிப்புக் கூடார அளவுகளிலும் சிக்கித்தான் விடுகிறார்கள்.

முதல் வருடம் புதிய ஏற்பாட்டை மட்டும் எடுங்கள். 260 அதிகாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் துரத்த வேண்டாம், அன்றைய பகுதிக்கே தாவிவிடுங்கள். விட்ட அதிகாரங்களைப் பொருளடக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தால் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் எடுத்துக்கொள்ளலாம்.