பந்தயத்தில் ஓடும் சிப்பிப்பாறை நாய்க்கு என்ன தீனி கொடுப்பது?

கேள்வி: சாத்தூர் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறேன். என்னிடம் ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறைக் கடுவன் ஒன்று இருக்கிறது. எடை 18 கிலோ. சுற்று வட்டார ஊர்களில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் 300 மீட்டர் ஓடுகிறது. அப்பா காலத்தில் நாய்களுக்குக் கம்பங்கூழும் மோரும்தான். வெளிநாட்டுப் பந்தய நாயான கிரேஹவுண்டுக்குக் கறி மட்டுமே போடுவார்கள், தானியம் கொடுத்தால் நாய் மந்தமாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதனால் இரண்டு மாதமாகக் கறிக்கடையில் கிடைக்கும் கோழித் தலை, கால், குடல் ஒரு கிலோவும், நான்கு முட்டையும் பச்சையாகவே கொடுக்கிறேன். ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கொடுப்பதுபோல் பேரீச்சையும் உலர் திராட்சையும் ஒரு கைப்பிடி. கூடவே வைட்டமின் சி மாத்திரை. பந்தயத்துக்கு முன் ஒன்றரை நாள் பட்டினி. முதல் நூறு மீட்டர் பறக்கிறது, அப்புறம் தளர்ந்துவிடுகிறது. அடிக்கடி கழிச்சலும் போகிறது. எதை மாற்றுவது?

பதில்: முதலில் உலர் திராட்சையை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாக மாற்றலாம், இது காத்திருக்காது. காளைக்கு ஒத்துக்கொள்வது நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிவிடும், இன்னொன்று கொஞ்சம் தின்றே சாகும். எது தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டும்போது சிறுநீரகத்துக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறும் வேண்டாம். அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இனி நண்பர்கள் சொன்ன கதைக்கு வருவோம். கிரேஹவுண்டுக்குக் கறி மட்டும்தான் என்பது உண்மை இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பழைய பயிற்சியாளர்கள் கறியோடு கோதுமை ரொட்டியைப் பிசைந்து கொடுத்தே வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் மாட்டுக்கறியோடு தானியம் சேர்ந்த உலர் தீவனமும் கலந்து போடுகிறார்கள். அதற்குக் காரணம் ஓட்டத்தின் தன்மையிலேயே இருக்கிறது. பந்தய கிரேஹவுண்ட் 500 மீட்டரை அரை நிமிடத்தில் ஓடி முடிக்கிறது. அந்த அரை நிமிடத்துக்குக் கொழுப்பை எரித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முதல் சில விநாடிகள் தசையில் தயாராக இருக்கும் சக்தியில் ஓடுகிறது. அதன் பிறகு, தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனை உடைத்துத்தான் ஓட வேண்டும். பனியில் வண்டி இழுக்கும் அலாஸ்கா நாய்களின் கதை வேறு. அவை நாள் முழுக்க ஓடுகின்றன, ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை செலவழிக்கின்றன, அவற்றுக்குக் கொழுப்புதான் ஆதாரம். உங்கள் கடுவன் ஓடுவது 300 மீட்டர். கிரேஹவுண்டின் வழிதான் அதற்குப் பொருந்தும்.

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தீனியின் மொத்தச் சக்தியில் 24 சதவீதம் புரதத்திலிருந்து வந்தபோதும், தானியத்தைக் குறைத்துப் புரதத்தை 37 சதவீதமாக ஏற்றியபோதும், அதே கிரேஹவுண்டுகளை 500 மீட்டர் ஓட விட்டார்கள். புரதம் கூடியபோது நாய்கள் சற்று மெதுவாக ஓடின. 2002இல் வெளியான இன்னொரு ஆய்வில், தினம் ஒரு கிராம் வைட்டமின் சி கொடுத்த நாய்கள் அதே தூரத்துக்குச் சராசரியாக 0.2 விநாடி கூடுதலாக எடுத்தன. பந்தயக் கோட்டில் அது மூன்று மீட்டர் பின்தங்குவதற்குச் சமம். நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. மாத்திரைக்குப் போகும் பணத்தில் கறி வாங்குங்கள்.

அதற்காக அப்பா காலத்துக் கூழுக்கே முழுசாகத் திரும்பவும் சொல்லமாட்டேன். கம்பங்கூழ் பாதி சரி. நன்றாக வெந்த தானியத்தை நாய் எளிதாகச் செரிக்கும், மோரும் பாலைவிட வயிற்றுக்கு இதம். ஆனால் வெறும் கூழில் புரதம் போதாது. ஓடிக் களைத்த தசை தன்னைச் சரிசெய்துகொள்ள அதில் சரக்கு இருக்காது.

18 கிலோ எடையுள்ள, வாரத்தில் சில நாள் ஓடும் கடுவனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,050 முதல் 1,100 கலோரி வேண்டும். கிரேஹவுண்ட் 30 கிலோவும் அதற்கு மேலும்கூட இருக்கும், அதன் அளவை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். நான் சொல்லும் கணக்கு இது: அரிசிக் குருணை, கம்பு, ராகி இவற்றில் ஏதாவது ஒன்று, வேகவைப்பதற்கு முன் எடை போட்டால் 150 கிராம். குழைய வேக வேண்டும். எலும்பு நீக்கிய கோழிக்கறி 250 கிராம், அதில் 20 கிராம் ஈரலாக இருக்கலாம். ஈரல் பிடிக்கிறது என்று அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பைக் கெடுக்கும். அவித்த முட்டை ஒன்று. எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அயோடின் உப்பு ஒரு சிட்டிகை, கொஞ்சம் பூசணி அல்லது கேரட். இந்த அளவில் சக்தியில் கால்வாசி புரதத்திலிருந்து வரும். ஆய்வில் நன்றாக ஓடிய நாய்களின் தீனியும் ஏறக்குறைய அந்த அளவுதான். இதைக் காலையில் மூன்றில் ஒரு பங்கு, மாலையில் மீதி என்று பிரித்துக் கொடுங்கள். சிப்பிப்பாறை போல நெஞ்சு ஆழமான நாய்கள் வயிறு நிறைந்த நிலையில் ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கறித்தீனியில் எல்லோரும் கோட்டை விடுவது சுண்ணாம்புச்சத்தில்தான். தனிக் கறியில் கால்சியம் ஒரு பங்கு இருந்தால் பாஸ்பரஸ் பதினைந்து பங்குக்கும் மேலே இருக்கும். நாய்க்கு வேண்டியது கால்சியம் கொஞ்சம் கூடுதலாக உள்ள கலவை. அது கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். அப்படிப்பட்ட காலோடு வேகத்தில் வளைவு திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்து, தினமும் அரைத் தேக்கரண்டி கலந்தால் ஒரு கிராமுக்குக் குறையாமல் கால்சியம் கிடைக்கும். மற்ற தாதுக்களுக்கு நாய்க்கென்று விற்கும் சத்துமருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் தாது உப்புக் கலவையை நாய்க்குப் போட வேண்டாம்.

இப்போது பச்சைக் கோழிக் கழிவு. கழிச்சலுக்கு முதலில் நான் சந்தேகப்படுவது அதைத்தான். கறிக்கடையில் வெயிலில் கிடந்த குடலில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருப்பது சகஜம். நாய்க்கு மட்டும் இல்லை, அதைக் கையாளும் உங்களுக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் அது தொற்றும். அமெரிக்காவில் 1980களில் பந்தய கிரேஹவுண்டுகளுக்குத் தோலில் புண் வந்து, சில சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. அலபாமா அழுகல் என்று அதற்குப் பெயர். அவற்றுக்குக் கொடுத்த மட்டமான பச்சை மாட்டுக்கறியில் இருந்த கிருமி நஞ்சின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. எனவே கறியை வேகவையுங்கள். வெந்த எலும்பு மட்டும் கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். முட்டையையும் அவித்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும்.

பட்டினி விஷயத்தில் நீங்கள் எண்ணியதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. முதல் நூறு மீட்டர் பறந்து பிறகு தளர்வது, தசையில் கையிருப்பு குறைந்திருக்கும் நாய்க்குப் பொருந்தும். இரண்டு மாதமாக மாவுச்சத்தே இல்லை, அதற்குமேல் ஒன்றரை நாள் பட்டினி என்றால் கையிருப்பு எங்கிருந்து வரும்? பந்தயத்துக்கு முந்தின நாள் இரவு வழக்கமான தீனி கொடுங்கள். பந்தய நாளில் ஆறு மணி நேரத்துக்கு முன் கையளவு கஞ்சி போதும். தண்ணீரை மட்டும் எப்போதும் மறைக்காதீர்கள். நம் பக்கத்து வெயிலில் தாகத்தோடு ஓடிய நாயின் உடல் சூடு மிக வேகமாக ஏறும். ஓடி முடித்ததும் நிழலில் நடக்கவிட்டு, உடம்பை நனைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துத் தீனி வைக்கலாம். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தம், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எடை பற்றி ஒரு எச்சரிக்கை. புளோரிடாவிலேயே 2005இல் வந்த ஆய்வில், வயிறு முட்டத் தின்றதைவிட 15 சதவீதம் குறைவாகத் தின்ற கிரேஹவுண்டுகள் 6 சதவீதம் எடை குறைந்து, கொஞ்சம் வேகமாகவும் ஓடின. இதைக் கேட்டு மெலிந்த நாயை மேலும் மெலிய விடுகிறவர்கள் உண்டு. அந்த நாய்கள் வேண்டிய மட்டும் தின்றுகொண்டிருந்தவை. உங்கள் கடுவனின் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரியலாம், இடுப்பெலும்பு லேசாகத் தெரியலாம். முதுகெலும்பு வரிசையாகத் துருத்தினாலும் தொடைச் சதை வற்றினாலும் தீனி போதவில்லை. வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், வெறும் வயிற்றில் எடை போட்டு எழுதி வையுங்கள். அரை கிலோ ஏறினாலோ இறங்கினாலோ தானிய அளவைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

தளர்ச்சிக்குத் தீனி ஒன்றே காரணம் என்று நாயைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்லமாட்டேன். உண்ணிக் காய்ச்சலும் குடற்புழுவும் ரத்தத்தைக் குறைத்து இதே மாதிரி நாயை ஓயவைக்கும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நாயின் மலத்தையும் ரத்தத்தையும் காட்டிவிடுங்கள். கழிச்சல் நிற்கும்வரை பந்தயம் வேண்டாம். புதுத் தீனியை ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். அந்தப் பத்து நாளும் பழைய பங்கையும் எலும்பு இல்லாமல் வேகவைத்தே போடுங்கள். பயிற்சிக்கு முயலை விட்டுத் துரத்தவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காட்டு முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கயிற்றில் கட்டி இழுக்கும் துணிப் பொம்மையையே சிப்பிப்பாறை ஆசையாகத் துரத்தும். ஒரு மாதம் கழித்து எடையும் 300 மீட்டர் நேரமும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்து அளவைச் சரிசெய்து சொல்கிறேன்.