தனிச்சிறைக்கு நாள் கணக்கு உண்டா?

கேள்வி: சிறை விதியை மீறிய கைதியைத் தனிக் கொட்டடியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாமா?

பதில்: கூடாது. ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற, கைதிகளை நடத்தும் முறைக்கான மண்டேலா விதிகளின்படி, நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ உருப்படியான மனிதத் தொடர்பின்றி அடைப்பதுதான் தனிச்சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. கதவுத் துளை வழியே தட்டைத் தள்ளிவிட்டுக் காவலர் ஒரு குரல் கொடுப்பதை மனிதத் தொடர்பு என்று கணக்குக் காட்டுவது சும்மா கண்துடைப்பு. 14-ஆம் நாள் வெளியே விட்டு மறுநாளே திரும்ப அடைத்தால் ஏட்டில் புதுக் கணக்கு தொடங்கிவிடும். பெரிய ஓட்டை இதுதான். ஆகவே மொத்த நாள்களையும் கூட்டிப் பாருங்கள்.

இருட்டறை, ஓயாமல் எரியும் விளக்கு, உணவையோ குடிநீரையோ குறைப்பது எல்லாமே தடை.

கேள்வி: உள்ளே இருப்பவருக்காகக் குடும்பத்தார் என்ன கேட்கலாம்?

பதில்: குற்றச்சாட்டு என்ன, அவர் தரப்பைக் கேட்டார்களா, மேல்முறையீடு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பணியாளர் தினமும் பார்க்க வேண்டும். தூக்கம் கெடுவது, இல்லாத குரல் கேட்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். தனிமையை நிறுத்தும்படியோ மாற்றும்படியோ பரிந்துரைக்க மருத்துவப் பணியாளருக்கு அதிகாரம் உண்டு. தண்டனை என்ற பெயரில் குடும்பத் தொடர்பை அடியோடு வெட்டவும் முடியாது.