மரம் நட்டால் ஓடை ஓடுமா? மலை ஓடைகள் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு சோலை இருக்கிறது. மழை நின்று மூன்று மாதம் ஆனாலும் அதிலிருந்து வரும் ஓடை நிற்பதில்லை. அடுத்த சரிவில் இருக்கும் ஓடையோ பத்து நாளில் வற்றிவிடுகிறது. மரங்கள்தானே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன?

பிடித்து வைத்திருப்பது மண். மரம் தண்ணீரைச் செலவு செய்யும், அதுவும் தாராளமாகவே. ஆனால் அந்த மண்ணை உண்டாக்கியதில் மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சோலைத் தரையைக் கையால் கிளறிப் பாருங்கள், மேலே காய்ந்த சருகு, அதற்குக் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே விரலால் அழுத்தினால் உள்ளே போகிற கறுப்பு மண், அதில் வேர் அழுகிப் போன துளை, மண்புழுத் துளை, எறும்புப் புற்று. அடித்துப் பெய்கிற மழைகூட இதன் மேலே ஓட வழியில்லாமல் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் அடியில் இருக்கும் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் மெதுவாக நகர்ந்து, சரிவின் அடியில் ஊற்றாகக் கசிகிறது. மார்ச் மாதத்தில் உங்கள் ஓடையில் ஓடுவது போன பருவத்து மழைதான்.

அடுத்த சரிவில் மண் இறுகிப்போயிருக்கலாம், மாட்டுத் தடமும் ஜீப் பாதையும் போதும் அதற்கு. இல்லாவிட்டால் அங்கே இயல்பாகவே பாறைமேல் ஒரு சாண் மண்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தக் காடு இருந்தாலும் ஓடை சீக்கிரம் வற்றத்தான் செய்யும்.

நீலகிரியில் எங்கள் ஊருக்கு மேலே புல்மேடு சும்மா கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து ஆயிரம் மரக்கன்று நட்டால் ஓடைக்கு நல்லதுதானே?

தயவுசெய்து வேண்டாம். அந்தப் புல்மேடு சும்மா கிடக்கவில்லை. உயரமான மலைகளில் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி என்பது பல ஆயிரம் ஆண்டுகளாக இருக்கும் அமைப்பு. உறைபனியும் காற்றும் தாங்கிய புல் அங்கே மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழித்து, மிச்சத்தைக் கீழே விடுகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு மற்றொன்றில் 1972-இல் கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பகுதியிலிருந்து வரும் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த காலத்தில் சுமார் 25 சதவீதம். அதிலும் மோசம், கோடை ஓட்டம் இதைவிட அதிகமாக அடிவாங்கியது, நமக்குத் தண்ணீர் தேவைப்படுவதே அப்போதுதானே! சீகை (வாட்டில்) மரத்தின் கதையும் நல்ல கதை இல்லை, புல்வெளிக்குள் தானாகவே பரவிக்கொண்டே போகிறது. அதை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடும். உங்களிடம் ஆயிரம் மரம் நடுகிற அளவுக்கு ஆள்பலம் இருந்தால், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு ஆண்டுதோறும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குங்கள். புகைப்படத்துக்கு அவ்வளவு அழகாக இருக்காது, ஓடைக்கு அதுதான் உதவும்.

குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வெள்ளம் வருகிறதாமே, அது எப்படி?

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில், மலைக்கு மேலே மழை, அவ்வளவுதான். அருவிக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு கடுமை, பாறை அதிகம். மேலே கொட்டிய மழை கீழே வந்து சேர நிமிடங்கள்தான் ஆகும். (சீசன் முடிந்து மழை ஓய்ந்ததும் அருவி சட்டென்று மெலிந்துபோவதற்கும் இதே காரணம்தான். சிற்றாற்றுக்குப் பின்னால் பெரிய சேமிப்பு கிடையாது.) 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்தான். அது சீசனே தொடங்காத நேரம், கோடை மழை.

தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பாதீர்கள். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடக் கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகம்.

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் ஏகப்பட்ட புழு பூச்சி. தண்ணீர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி. அடுத்த முறை கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். கல்லோடு கல்லாகத் தட்டையாக, வாலில் மூன்று மயிர் நீட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிறதே, அது மேஃப்ளையின் இளம்பருவம். வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகத் துடிப்பவை அதன் செவுள்கள். கல்லில் ஒட்டிய குட்டி மணல் குழாய் தெரிகிறதா? கேடிஸ்ஃப்ளைப் புழு தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலை ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்டிய வீடு அது. குழாயை மெல்லத் தொட்டால் தலை உள்ளே போய்விடும். வாலில் இரண்டு மயிரோடு இருந்தால் ஸ்டோன்ஃப்ளை, அது கிடைத்தால் பொதுவாக உங்கள் ஓடையில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் பலவும் கல்லில் படியும் பாசியையும், கரையிலிருந்து விழுந்து மக்கும் இலையையும் தின்று வாழ்பவை. நிழலான மேலோடையில் சாப்பாட்டில் பெரும்பகுதி கரை மரங்களிலிருந்து விழுவதுதான், அதனால் கரையோர மரங்களை வெட்டினால் நிழலோடு சோறும் போய்விடுகிறது. இவையெல்லாம் காணாமல் போய்ச் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால், மேலே எங்கேயோ சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பார்த்து முடித்ததும் கல்லை இருந்த மாதிரியே திருப்பி வைத்துவிடுங்கள். கற்களை அடுக்கிக் கோபுரம் கட்டிப் படம் எடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது, நுரையும் வருகிறது. சோப்பா?

காட்டுக்குள் என்றால் பெரும்பாலும் இலைச்சாறு. மக்கிய இலையிலிருந்து கரைந்து வரும் பொருள்கள்தான் நிறத்தையும் தருகின்றன, விழுகிற இடத்தில் நுரையையும் எழுப்புகின்றன. வாசனை வந்தாலோ, மேலே வீடுகளோ விடுதியோ இருந்தாலோ விசாரியுங்கள்.

மலை ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

கூடாது. கொதிக்கவைத்துக் குடியுங்கள். மேலே யானையும் மாடும் என்ன செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது.

ஓடையின் குறுக்கே சின்னதாகத் தடுப்பணை கட்டினால் நிலத்தடி நீர் ஏறும் என்கிறார்கள். கட்டலாமா?

சமவெளியில் சில இடங்களில் பயன் உண்டு. செங்குத்தான ஓடையில் பெரும்பாலும் காசுக்குக் கேடு. இரண்டு மூன்று வெள்ளத்தில் மணலும் கல்லும் வந்து மேடாகிவிடும், தேங்க இடம் இருக்காது, வேகம் குறையாத தண்ணீர் அணையின் இரண்டு பக்கமும் கரையை அரிக்கும். வேக நீருக்கென்றே உடம்பு அமைந்த உயிர்களுக்கு அந்தத் தேங்கிய நீர் வீடே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டெடுத்து 2017-இல் புது இனமாக அறிவித்த ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் ஜீவன் அது. அதன் தலைப்பிரட்டைகள் உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஓடுகிற தண்ணீரில்தான் வளர்கின்றன. ஓடை மீன்களும் மேலும் கீழும் போய்வர வேண்டியவை, ஒரு மீட்டர் சுவர்கூட அவற்றில் பலவற்றுக்குத் தாண்ட முடியாத மலை. குடிக்கத் தண்ணீர்தான் தேவை என்றால் ஊற்றருகே சிறு தொட்டி, அதிலிருந்து குழாய், மிச்சத்தை ஓடையிலேயே விடுவது, இது போதும்.

எங்கள் ஓடையில் மீன் குறைந்துவிட்டது. திலேப்பியாக் குஞ்சு வாங்கி விடலாமா?

வேண்டவே வேண்டாம். மீன் ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள்: வெடி வைப்பது, பிளீச்சிங் பவுடர் கொட்டிப் பிடிப்பது, கோடையில் மோட்டார் போட்டுக் கசங்களை, அதாவது ஓடையின் ஆழமான மடுக்களை, உறிஞ்சுவது. கோடையில் மீன்கள் ஒதுங்கும் இடமே அந்தக் கசங்கள்தான். மாயாற்றில் வாழும் திமில் மகசீர் இன்றைக்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது. வெடியும், அணைகளும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களும் அதற்குக் காரணங்கள். திலேப்பியாதான் வளர்க்க வேண்டும் என்றால் தோட்டத்துக் குட்டையில் வளருங்கள், ஆனால் குட்டையின் வடிகால் ஓடையில் சேரக் கூடாது. ஐப்பசி மழையில் குட்டை நிரம்பி வழியும்போதுதான் அவை தப்பிப் போகின்றன, அதனால் வடிகாலை வயல் பக்கம் திருப்பி, வாயில் வலையும் கட்டிவிடுங்கள்.