தொடாமல் அளக்கும் வெப்பம்

கேள்வி: சனிக்கோளின் துணைக்கோளான என்செலடஸின் தென்துருவம் வெப்பமாக இருப்பதைக் காசினி விண்கலம் கண்டறிந்ததாகப் படித்தேன். தரையிறங்காமலே அதை எப்படி அளந்தார்கள்? சாதாரணக் கேமராவுக்குத் தெரியாத எதை அகச்சிவப்புக் கருவி பார்க்கிறது?

பதில்: கேமரா பதிவுசெய்வது, சூரியனிடமிருந்து வந்து தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை. ஆனால் எவ்வளவு குளிர்ந்த பொருளும் தன் வெப்பநிலைக்கேற்பக் கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. குளிரக் குளிர அந்த உமிழ்வின் உச்சம் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். மைனஸ் 173 டிகிரி செல்சியஸில் உள்ள பனிக்கட்டிக்கு அந்த உச்சம் ஏறத்தாழ 29 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது அகச்சிவப்பின் ஆழமான பகுதியில் அமையும். காசினியின் வெப்ப அகச்சிவப்பு நிறமாலைமானி, அதாவது கதிர்களை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி, 7 முதல் 1,000 மைக்ரான் வரை பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால், அத்தகைய குளிரையும் அதனால் அளக்க முடிந்தது.

வெயில் சாய்வாக விழும் துருவம் நடுக்கோட்டைவிடக் குளிர்ந்திருக்கும் என்றே எதிர்பார்த்தார்கள். 2005 ஜூலையில் கிடைத்த அளவீடு அதைத் தலைகீழாக்கியது. தென்துருவத்தில் 'புலிவரிகள்' எனப்படும், ஒவ்வொன்றும் சுமார் 130 கிலோமீட்டர் நீளமுள்ள நான்கு பிளவுகளை ஒட்டியே வெப்பம் கசிந்துகொண்டிருந்தது. கருவியின் பார்வைப் புலமோ அந்தப் பிளவுகளைவிட மிக அகலமானது. அப்படியிருந்தும் வெப்பநிலையைக் கணிக்க ஒரு வழி உண்டு: உமிழ்வு எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று வரையும் வளைகோட்டின் வடிவம் வெப்பநிலையைச் சொல்லும், மொத்த உமிழ்வின் அளவு, அந்த வெப்பநிலையில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதைச் சொல்லும். 2008 மார்ச்சில் இன்னும் நெருங்கிப் பார்த்தபோது, பிளவுகளின் சில இடங்கள் குறைந்தது மைனஸ் 93 டிகிரி இருப்பது தெரிந்தது. இதையா வெப்பம் என்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சுற்றுப்புறம் மைனஸ் 200-ஐ ஒட்டியிருக்கும் இடத்தில் அது அடுப்புதான்.

அகச்சிவப்பின் குறுகிய அலைநீளங்களில் கதை வேறு. அங்கும் பெரும்பாலும் திரும்பிவரும் சூரிய ஒளியையே பார்க்கிறோம். அதில் எந்த அலைநீளம் விழுங்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு தரையில் உள்ள பொருளை அடையாளம் காண்கிறோம். நிலவின் தரையில் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்தது) அல்லது நீர் இருப்பதற்கான தடயத்தைச் சந்திரயான்-1-இல் சென்ற நாசாவின் கருவி 3 மைக்ரானை ஒட்டிக் கண்டது இப்படித்தான். அது 2009-இல் வெளியானது. நண்பகலில் கொதிக்கும் நிலவுத் தரை தானும் அந்த அலைநீளத்தில் உமிழ்வதால், தடயம் கலங்கிப்போகிறது என்பதே இதில் உள்ள சங்கடம். சந்திரயான்-2-இன் நிறமாலைமானி சுமார் 5 மைக்ரான் வரை நீட்டிக்கப்பட்டிருப்பதால், வெப்ப உமிழ்வு ஓங்கியிருக்கும் அந்தப் பகுதியில் அதை அளந்து, 3 மைக்ரான் பதிவிலிருந்து கழித்துப் பார்க்க முடிகிறது.