வாசகர் கேள்வி பதில்: வளாகப் பாதுகாப்பு

கேள்வி: பல்கலைக்கழக வாசலில் 1080பி கேமரா இருக்கிறது. ஆள் வருவது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. 4கே வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் டேப்பை எடுத்து, ஆள் நடந்து வரும் இடத்தில் கேமரா எத்தனை மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். முன்பின் தெரியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது, கண்காணிப்புக் கேமராக்களுக்காக 2014-இல் வந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரம். ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். படத்தில் 20 மீட்டர் அகலம் விழுந்தால் மீட்டருக்குக் கிடைப்பது 96 பிக்சல்தான். 4கே படத்தின் அகலம் இதைப்போல் இரு மடங்கு, அதைப் போட்டாலும் 192-ஐத் தாண்டாது. இருக்கிற கேமராவிலேயே லென்ஸை மாற்றி, ஆட்கள் கடக்கும் 7 மீட்டரை மட்டும் பிடியுங்கள். 270-க்கு மேல் கிடைக்கும். முழு வாசலையும் பார்க்க இன்னொரு சாதாரணக் கேமரா போதும்.

கேமராவை உயரத்தில் மாட்டாதீர்கள், உச்சந்தலைதான் பதிவாகும். இரவில் முகம் இழுபட்டுத் தெரிந்தால் ஷட்டர் வேகம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வாசலில் விளக்கைக் கூட்டி, ஷட்டரை 1/100 நொடிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: புகார் வருவதற்குள் பதிவு அழிந்துவிடுகிறது. எவ்வளவு ஹார்ட் டிஸ்க் தேவை?

பதில்: நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 43.2 ஜிபி ஆகும். 30 நாளுக்குச் சுமார் 1.3 டிபி. 16 கேமரா என்றால் 21 டிபி. அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் இரவில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். வலை ஆடுகிற ஒவ்வொரு முறையும் பதிவு ஓடி டிஸ்க் நிரம்பிவிடும். கேமராவின் கண்ணாடியை அவ்வப்போது துடைப்பதும் பராமரிப்புப் பட்டியலில் இருக்கட்டும்.

கேள்வி: விடுதிப் பின்கதவுக்கு மின்காந்தப் பூட்டு போடலாமா? தீப்பிடித்தால் மாணவிகள் சிக்கிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். மின்சாரம் இருக்கும்வரை பூட்டியிருக்கும், நின்றால் திறந்துகொள்ளும் என்பதுதான் இந்தப் பூட்டின் அடிப்படை. கோளாறு, மின்சாரம் நின்றாலும் பூட்டு வேலை செய்யச் சேர்த்து வைக்கும் பேட்டரியில் வருகிறது. தீ எச்சரிக்கை ஒலித்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேயை (தானியங்கி சுவிட்ச்) மெயின் மின்சாரம் நுழையும் பக்கத்தில் கோத்துவிடுகிறார்கள். மணி அடிக்கிறது, மெயின் துண்டாகிறது, பேட்டரி பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பவர் சப்ளையிலிருந்து பூட்டுக்குப் போகும் வயரில்தான் ரிலே வர வேண்டும். அப்போதுதான் பேட்டரி மின்சாரமும் சேர்ந்து அறும். உட்புற வெளியேறும் பட்டனும் மென்பொருளை நம்பாமல் அதே வயரை நேரடியாகத் துண்டிக்கட்டும். வேலை முடிந்ததும், பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே தீ எச்சரிக்கையை ஒலிக்கவிட்டுக் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்காவிட்டால், சரிசெய்து தரும்வரை பூட்டு வேலை செய்யக் கூடாது, காவலரை நிறுத்துங்கள்.

கேள்வி: அடையாள அட்டையை நகல் எடுக்க முடியுமா?

பதில்: 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளில் பெரும்பாலானவை வெறும் எண்ணை மட்டும் அனுப்புகின்றன. மலிவான கையடக்கக் கருவியே அதைப் பிரதி எடுத்துவிடும். ஆய்வகத்துக்கும் விடுதிக்கும், 13.56 மெகாஹெர்ட்ஸில் மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) இயங்கும் டெஸ்ஃபயர் போன்ற அட்டையைக் கேளுங்கள். ரீடரும் அட்டையின் எண்ணை மட்டும் படிக்காமல் அந்த மறையாக்கத்தைச் சரிபார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் புதிய அட்டைக்குக் கொடுத்த பணம் வீண்தான்.