மே மழையும் ஜனவரிப் பாடசாலையும் வந்தால் கடனட்டைதான் கைகொடுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு மாதச் சம்பளம் கையில் 125,000 ரூபாய், எனக்கு 85,000. தரம் 8, தரம் 4 படிக்கும் இரண்டு பிள்ளைகளும் மாமியும் எங்களோடு. சாதாரண மாதத்தில் 20,000 வரை மிஞ்சும். ஆனால் வெயில் காலத்தில் கரண்ட் பில், மே மழையில் கூரை, பிறகு காய்ச்சல், தீபாவளி, ஜனவரியில் பாடசாலைச் சாமான் என்று வரும்போது கடனட்டையைத்தான் எடுக்கிறோம். இப்போது அதில் 120,000 நிற்கிறது. டிசம்பரில் கணவருக்குப் போனஸ் கையில் 100,000 வரும். நகையை அடகு வைத்து அட்டையைக் கட்டவா? அலுவலகத்தில் சீட்டுப் பிடிக்கிறார்கள், அதில் சேரவா? மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்கில் சாதாரண மாதச் செலவை விட்டுவிட்டு, பருவத்தோடு வரும் மேலதிகச் செலவை மட்டும் கூட்டிப் பார்த்தேன். தீபாவளிக்கு 35,000, பாடசாலைச் சாமானுக்கு 45,000, பொங்கலுக்கு 10,000, கூரைக்கும் பீலிக்கும் 40,000, சித்திரைப் புத்தாண்டுக்கு 25,000, வெயில் மாதங்கள் மூன்றிலும் கரண்டுக்கு மேலதிகமாக 18,000, மழைக்கால வைத்தியச் செலவு 20,000. மொத்தம் 193,000. உங்களிடம் ஆண்டுக்கு மிஞ்சுவதோ 240,000, அதற்கு மேல் போனஸ். பணம் போதும். அது சம்பளக் கணக்கிலேயே கிடப்பதால் தேவைப்படும் மாதத்துக்குள் கரைந்துவிடுகிறது. ஆகவே முதல் வேலை அதை அங்கிருந்து வெளியே எடுப்பது.

193,000ஐப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 16,000 சொச்சம். அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் முதல் ஆண்டில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் செலவுகள் சமமாக வருவதில்லை. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைக்குள் பெரும்பகுதி வந்து விழுகிறது. இப்போது ஓகஸ்ட் என்பதால் தீபாவளிக்கு முன் மூன்று சம்பளம்தான் இருக்கிறது. மாதம் மாதமாகப் பார்ப்போம்.

ஓகஸ்ட் தொடக்கம் டிசம்பர் வரை மிஞ்சும் 20,000ஐ இரண்டாகப் பிரியுங்கள். 10,000 அட்டைக்கு, 10,000 புதிய கணக்குக்கு. உங்கள் அட்டை வட்டி ஆண்டுக்கு 26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 120,000க்கு முதல் மாத வட்டியே 2,600. மாதம் 10,000 கட்டினால் டிசம்பர் முடிவில் நிலுவை ஏறத்தாழ 81,400. போனஸ் வந்த அன்றே அதைக் கட்டி முடித்துவிடுங்கள், 18,600 மிஞ்சும். இந்தக் கணக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இன்றிலிருந்து அட்டையில் ஒரு சதமும் புதிதாகப் போடக்கூடாது. நிலுவை இருக்கும் அட்டையில் வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சுப்பர்மார்க்கெட் சாமானைக் கூட டெபிட் அட்டையில் அல்லது காசில் வாங்குங்கள். பண்டிகைக் காலத்தில் கடைகள் தரும் வட்டியில்லாத் தவணையும் வேண்டாம். தீபாவளிக்கு எடுக்கும் தவணை சரியாக ஜனவரிச் செலவின் மேல் வந்து உட்காரும்.

புதிய கணக்கில் ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 30,000 இருக்கும். 2026 தீபாவளி நவம்பர் 8. இந்த ஆண்டு அதை 30,000க்குள் முடியுங்கள். நவம்பர், டிசம்பர் 20,000மும் போனஸ் மிச்சமும் சேர்ந்து 38,600 வரும். அதில் பாடசாலைக்கு 30,000, பொங்கலுக்கு 8,000. பாடசாலைச் சாமானுக்கு நீங்கள் எழுதிய 45,000 இருவருக்கும் எல்லாம் புதிதாக வாங்கும் தொகை. சப்பாத்தும் கொப்பிகளும் கட்டாயம். சீருடையில் ஆளுக்கு ஒரு சோடி இப்போது, மற்றது இரண்டாம் தவணைக்கு. பை தாங்கினால் இன்னோர் ஆண்டு ஓடட்டும்.

அட்டைக் கடன் முடிந்ததால் ஜனவரியிலிருந்து முழு 20,000மும் கணக்குக்குப் போகும். ஜனவரி, பெப்ரவரி 40,000ஐக் கொண்டு மார்ச் நடுவில் கூரையைச் செய்துவிடுங்கள், புத்தாண்டு உடுப்புக்கு முன்பே. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கொழும்பில் மே மாதமும் ஒக்டோபரும்தான் மழை மிகக் கூடிய மாதங்கள். மழை பிடித்த பிறகு நனைந்த ஓட்டில் மேசன் ஏறமாட்டார். ஏறினாலும் சாந்து காயாது. எல்லா வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் தேடுவதால் நாட்கூலியும் ஏறிவிடும். மார்ச்சில் மதியம் வரை வெயில், மழை பெரும்பாலும் பின்னேரத்து இடியோடுதான். வேலைக்கு அது போதும். மேசனைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று: நண்பகலில் சீலிங் கதவைத் திறந்து, விளக்கைப் போடாமல் கூரையின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடத்தில் ஓடு உடைந்திருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. மரச்சட்டத்தில் கறுத்த கோடு இருந்தால் தண்ணீர் மேலேயிருந்து வழிந்து வருகிறது. கோடு தொடங்கும் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

பழைய ஓட்டு வீடுகளில் ஒழுக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான். இரண்டு சரிவு சேரும் இடத்துத் தகரப் பீலி துருப்பிடித்து ஓட்டையாவது, முகட்டு ஓட்டின் சாந்து வெடிப்பது, ஓரப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கடியில் ஏறுவது. 40,000 போதாது என்று மேசன் சொன்னால் இந்த வரிசைப்படியே செய்யுங்கள்: முதலில் தகரப் பீலி, அடுத்து முகடு. ஓரப் பீலியை ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் வழித்துத் துப்புரவாக்குவதற்குக் கூலி மட்டும்தான். தேங்கிய பீலியில் நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதார பரிசோதகர் வழக்குப் போடவும் முடியும், அது வேறு தண்டச் செலவு. சீலிங்குக்குப் பெயின்ற் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். ஒழுக்கு நிற்காமல் அடித்த பெயின்ற் ஒரே மழையில் உரியும். கூலியையும் சாமானையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். முற்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முடிவுப் பணத்தை ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

மார்ச் சம்பளத்தில் வரும் 20,000த்தில் புத்தாண்டுக்கு 14,000, ஏப்ரல் மேலதிகக் கரண்டுக்கு 6,000.

கரண்ட் பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடுவீர்கள். 180ஐத் தாண்டிய ஒவ்வோர் அலகும் எல்லாவற்றிலும் கூடிய விலை. நிலையான கட்டணமும் படியோடு ஏறும். ஐந்து பேர் உள்ள உங்கள் வீட்டில் 60க்குள் நிற்பது நடக்காத காரியம். காக்க வேண்டிய எல்லை 180. ஒரு தொன் இன்வர்ட்டர் ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 4 முதல் 6 அலகு, அதாவது மாதம் 120 முதல் 180. ஃபேன் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு அலகு வராது. ஆகவே ஏசி இல்லாமல் முடியாத இரவுகளில் 26 பாகையில் வைத்து, கூடவே ஃபேனைப் போட்டு, நித்திரை பிடித்த பின் மூன்று மணி நேரத்தில் நிற்கும்படி டைமர் வையுங்கள். ஃபில்டரை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், தூசு அடைத்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மானி வாசித்துப் போன நாளிலிருந்து பதினைந்தாம் நாள் நீங்களே மானியைப் பாருங்கள். 90 அலகைத் தாண்டியிருந்தால் மிச்ச இரு வாரத்தில் குறைக்க இன்னும் நேரம் இருக்கிறது. பில் வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. மார்ச், ஏப்ரல் இடி மின்னலுக்கு ரவுட்டர், டிவி பிளக்கைக் கழற்றி வைப்பதும் இதே கணக்கில் சேரும்.

மே, ஜூன் பில் போக, வைத்தியத்துக்கான 20,000ஐ அதே கணக்கில் உடனே எடுக்கக்கூடியதாக வையுங்கள். நிலையான வைப்பில் பூட்ட வேண்டாம். காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனையைச் சில நாள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும், ஓட்டோச் செலவும் அதோடு. கணவரின் அலுவலகக் காப்புறுதியில் வெளிநோயாளர் செலவு கிடைக்குமா, எந்தத் திகதியோடு அந்த ஆண்டுக்கான தொகை காலாவதியாகும் என்று இப்போதே கேளுங்கள். நவம்பர், டிசம்பரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த மாதம் அட்டைக்கு 10,000க்குப் பதிலாக, குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகாமல், குறைத்துக் கட்டுங்கள். அட்டையைத் தேய்ப்பதை விட அது மேல்.

அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், டெபிட் அட்டை எடுக்காமல். சம்பளம் 25ஆம் திகதி என்றால், வங்கியே மாதாமாதம் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றும் ஸ்டாண்டிங் ஓர்டரை 27க்கு வையுங்கள். 25க்கே வைத்தால், விடுமுறையால் சம்பளம் ஒரு நாள் பிந்தினால் ஓர்டர் தவறிப்போகும். வட்டிக்கு 2025 ஏப்ரல் முதல் 10 சதவீத வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாய்க்குள் இருப்பவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். உங்கள் வருமானம் அதற்குள் வசதியாக இருக்கிறது. கணவருடையது போனஸோடு எல்லையை நெருங்கும்.

நகையைப் பற்றி: அடகு வட்டி அட்டையை விடப் பத்து சதவீதம் குறைவாகக் கிடைத்தாலும், டிசம்பர் வரை உங்களுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 4,400 ரூபாய்தான். அதற்காக மாமியும் நீங்களும் சேர்த்த நகையை வைக்க வேண்டாம். அதோடு, அட்டை ஒரே நாளில் காலியானால் மறுபடி நிரம்பும் ஆபத்தும் பெரிது. போனஸ் நிச்சயமில்லை என்று கணவருக்குத் தெரிய வந்தால் மட்டும், உரிமம் பெற்ற வங்கியில் வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

சீட்டு இந்த ஆண்டு வேண்டாம். குலுக்கலில் உங்கள் முறை ஜூலையில் விழுந்தால் மார்ச் கூரைக்கு உதவாது. ஏலத்தில் முன்கூட்டி எடுத்தால் கழிவு போகும். ஒருவர் கட்டாமல் விட்டால் கேட்க ஆளில்லை. வங்கி வைப்புக்கோ ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,100,000 ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு.

இப்படியே போனால் 2027 ஓகஸ்ட் பிறக்கும்போது கணக்கில் ஏறத்தாழ 48,000 நிற்கும். அதற்குப் பிறகு மாதம் 16,500 போதும். தீபாவளியையும் பாடசாலையையும் முழுத் தொகைக்கே செய்யலாம். மிச்ச 3,500ஐயும் அடுத்த போனஸையும் தனியாக வையுங்கள். மூன்று மாதச் செலவு சேரும் வரை அதில் கை வைக்க வேண்டாம்.